வாசலில் கழற்றும் பூட்ஸ்

கால் குணமாகி வேலைக்குத் திரும்பிய அன்றைக்கே டாக்டரம்மா ஊசியக்காவை அறைக்குள் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரச் சொன்னார். அந்த ரத்தப் பரிசோதனை லேப்பில் உட்காரச் சொன்னாலே விஷயம் கொஞ்சம் கனம் என்று அர்த்தம். நல்ல சேதி எல்லாம் நின்ற வாக்கில் சொல்லி முடித்துவிடுவார்கள்.

"காலைக் காட்டு."

ஊசியக்கா இடது காலை நீட்டினாள். கணுக்கால் எலும்பின் மேல் புதுத்தோல் வெளிறிப்போய், வேறு யாருடைய தோலையோ வெட்டி ஒட்டிய மாதிரி மினுமினுத்தது. டாக்டரம்மா குனிந்து பார்த்தார், விரலால் அழுத்தினார், "வலிக்குதா?" என்றார்.

"இல்லைங்கம்மா."

"பொய் சொல்லாதே, முகமே சுருங்குது."

விடிந்ததும் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருவதுதான் ஊசியக்காவின் வேலை. அவள் போகும் வீடுகளில் ஏதோ ஒரு குழந்தை வைத்த பெயர் அது. லேப்புக்கும் வந்து ஒட்டிக்கொண்டது, வீட்டுக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. லேப் கொடுத்த கியர் வண்டி, பின்னால் சாம்பிள் பெட்டி, தலையில் ஹெல்மெட், காலில் மட்டும் வீட்டுச் செருப்பு. வளைவு ஒன்றில் ஜல்லி கொட்டிக் கிடந்ததைப் பார்க்காமல் திரும்பினாள். வண்டி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போக, கால் வண்டிக்கு அடியில் மாட்ட, செருப்பு எதிர்த்த வீட்டுச் சுவரைத் தாண்டிப் போய் விழுந்தது. பெட்டி திறந்து குழாய்கள் எல்லாம் நொறுங்கிவிட்டன. அத்தனை பேரும் மறுநாள் மறுபடி பட்டினி கிடந்து, மறுபடி குத்து வாங்க வேண்டியதாயிற்று. கட்டுப் போட்ட காலோடு படுத்திருந்தபோது அவளுக்கு வலியைவிட அதுதான் அதிகம் உறுத்தியது.

"கேட்டுக்கோ," என்றார் டாக்டரம்மா. "கணுக்கால் மூடற மாதிரி ஒழுங்கான ஷூ வாங்கிப் போட்டுட்டு வந்தா வண்டியை எடு. முடியலைன்னா கவுன்ட்டர்ல சீட் காலியா இருக்கு, அங்க உக்காந்துக்கோ. சம்பளத்துல மாத்தம் இல்ல."

"இன்னிக்கே வாங்கிடறேம்மா."

"அவசரப்படாதே, இன்னொண்ணும் இருக்கு. மெஷினை ஓட்டறதுக்கு முன்னால எல்லா சாம்பிளும் இங்க வந்தாகணும். ஷூ போட்டேன், அதனால லேட்டாச்சுன்னு என்கிட்ட வந்து நிக்கக்கூடாது. ரெண்டும் நடக்கணும். நடக்கலைன்னா உள்ள சீட்டுதான்."

அந்த உள் சீட்டு கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்தது. கண்ணாடியில் ஒரு கை நுழையும் அளவுக்கு ஓட்டை. அந்த ஓட்டை வழியாக நாள் முழுக்க ஒரே கேள்வி வரும்: "ரிப்போர்ட் வந்துடுச்சா?" ஊசியக்காவுக்கு நினைத்தாலே மூச்சு முட்டியது. அவளுக்கு வேண்டியது காலைத் தெரு. எந்தக் கேட்டுக்குத் தாழ்ப்பாள் மேலே, எதற்குக் கீழே, எந்த நாய் குரைத்துவிட்டு வாலை ஆட்டும், எது வாலை ஆட்டிவிட்டுக் கடிக்கும், யாருக்கு இடது கை நரம்பு, யாருக்குப் புறங்கை நரம்பு, எல்லாம் அவளுக்கு மனப்பாடம். அதை விட்டுவிட்டு ஓட்டைக்குப் பின்னால் போய் உட்கார்வதா!

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் அவள் புருஷன் முகம் மலர்ந்தது. அவர் லிஃப்ட் மெக்கானிக்.

"உள்ள சீட்டுன்னா நல்லதுதானே? ஃபேனுக்கு அடியில உக்காந்து வேலை."

"ஏங்க, பத்து மாடிக்கு நடுவுல கம்பியில தொங்கற ஆளு எனக்கு இதைச் சொல்றீங்களா?"

"நான் தொங்கறப்போ இடுப்புல பெல்ட் இருக்கு. தலையில தொப்பி இருக்கு. கால்ல இரும்பு வச்ச பூட்ஸ் இருக்கு. உன் கால்ல என்ன இருந்துச்சு? ரெண்டு வார்!"

படுத்திருந்த நாளெல்லாம் சாயங்காலமானால் அவர்தான் காயத்தைக் கழுவிக் கட்டு மாற்றினார். கட்டைப் பிரிக்கும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார், ஆனால் கை மட்டும் நடுங்காது. அந்த மனுஷனிடம் என்னத்தைச் சண்டை போட?

அவரே போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து தன்னுடைய பழைய பூட்ஸை இழுத்துப் போட்டார். "இந்தா, ஷூதானே வேணும்? போட்டு ஓட்டிக் காட்டு, பாக்கலாம்."

சவால் விட்டால் சும்மா இருப்பாளா? காலுறை மேல் காலுறை மாட்டிக்கொண்டு, பூட்ஸுக்குள் காலை விட்டு, முற்றத்தில் நின்ற வண்டியில் ஏறினாள். அந்த வண்டியில் முதல் கியரை மிதித்துப் போட வேண்டும். அதற்கு மேல் எல்லாவற்றையும் லீவருக்கு அடியில் கால்விரலை விட்டுத் தூக்க வேண்டும். மிதித்தாள், விழுந்தது. வண்டி கேட்டைத் தாண்டியது. இனித் தூக்க வேண்டும். இரும்பு வைத்த மூக்கு தேங்காய் மாதிரி பருத்திருந்தது; லீவருக்கு அடியில் நுழைவேனா என்றது. வண்டி முதல் கியரிலேயே அலறிக்கொண்டு தெருக்கோடி வரை ஊர்ந்து போய், அப்படியே அலறிக்கொண்டு திரும்பி வந்தது.

மாடியிலிருந்து நாத்தனார் எட்டிப் பார்த்தாள். கணக்கு டீச்சர். கேள்வி கேட்டே பழகிய வாய்.

"அண்ணி, என்ன வண்டியை மேய்க்கிறீங்களா? நடந்து போறவங்க எல்லாம் உங்களைத் தாண்டிப் போறாங்க!"

"உங்க அண்ணன் கொடுத்த சீர் இது, அவரைக் கேளு!"

புருஷன் சிரித்து முடித்து, "இதுக்குத்தான் சொல்றேன், உள்ள உக்காருன்னு," என்றார். சிரிப்பு நின்ற பிறகும் அவர் பார்வை அவள் இடது காலிலேயே இருந்தது.

அன்று சாயங்காலம் அண்ணியும் நாத்தனாருமாகச் செருப்புக் கடைக்குக் கிளம்பினார்கள். வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்க் கடை வாசலிலேயே நிறுத்தினாள் ஊசியக்கா. கடைக்காரர் முதலில் எடுத்து வைத்தது துணியும் ரப்பருமாக, பார்க்கப் பளிச்சென்று இருந்த ஷூ. ஊசியக்கா அதை இரண்டு கையாலும் பிடித்து, ஈரத்துணியைப் பிழிவதுபோல் ஒரு முறுக்கு முறுக்கினாள். ஷூ முறுக்கிக்கொண்டு கயிறாகிவிட்டது.

"அம்மா, அம்மா! அது ஷூங்க, துணி இல்ல!" பதறிப்போய்ப் பிடுங்கினார் கடைக்காரர்.

"வண்டி மேல விழுந்தா உள்ள இருக்கற என் காலும் இப்படித்தானே முறுக்கும்? முறுக்காததா எடுங்க."

அடுத்து அவர் கொண்டுவந்தது முழங்கால் வரைக்கும் உயரம், பக்கத்தில் சங்கிலி, உயரமான குதி. நாத்தனார் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "எங்க அண்ணி ரத்தம் எடுக்கப் போறாங்க, ரத்தம் குடிக்கப் போகலை," என்றாள். கடைக்காரருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு மனுஷன் கொஞ்சம் இறங்கிவந்து, வேலைக்குப் போட்டுக்கொண்டு போகிற வகைகளை உள்ளேயிருந்து எடுத்துவந்தார்.

ஊசியக்கா ஒவ்வொன்றையும் கையில் வாங்கி, குதிகால் பக்கம் கட்டைவிரலை வைத்து அமுக்கினாள். அமுங்கியதை எல்லாம் ஒதுக்கினாள். அடிப்பாகம் வழவழவென்று இருந்ததையும் ஒதுக்கினாள். ஈரமான தரையில் காலை ஊன்றினால் வழுக்கிக்கொண்டு போகும். அடிப்பாகம் செங்கல் மாதிரி இருந்தவையும் போயின. பிரேக்கை மிதிக்கிறோமா மிதிக்கவில்லையா என்பது பாதத்துக்குத் தெரிய வேண்டாமா? காலில் மாட்டிக்கொண்டு கடைக்குள் நடந்து பார்த்தாள், உட்கார்ந்து எழுந்து பார்த்தாள். கடைசியில் இரண்டு ஜோடி நின்றன. ஒன்று பழுப்பு நிறம், உள்பக்கம் ஜிப். மற்றது கறுப்பு, லேஸ் வைத்துக் கட்டுவது. இரண்டுமே கணுக்கால் எலும்புக்கு மேலே ஏறி நின்றன, அந்த இடத்தில் தோலுக்கு அடியில் பஞ்சு வைத்திருந்தது.

"இதைப் போட்டுட்டு வண்டியில உக்காந்து பாக்கணும்."

"வெளிய போட்டு நடந்துட்டா நான் வேற யாருக்கு விக்கறது?"

"நடக்க மாட்டாங்க," என்றாள் நாத்தனார். கடையிலிருந்த பழைய செய்தித்தாளை எல்லாம் வாரிக்கொண்டு போய் வாசலிலிருந்து வண்டி வரைக்கும் பாதை போட்டாள். ஊசியக்கா பூட்ஸைப் போட்டுக்கொண்டு அந்தக் காகிதத்தின் மேல் ராணி மாதிரி நடந்து போய் வண்டியில் ஏறினாள். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். காகிதம் பறக்காமல் கடைக்காரர் ஒரு ஓரத்தை மிதித்துக்கொண்டு நின்றார்.

இரண்டு ஜோடியும் லீவருக்கு அடியில் ஒழுங்காக நுழைந்தன. ஜிப் வைத்ததில் மட்டும் ஜிப்பின் நாக்கு இன்ஜின் பக்கம் உரசிக் கிறீச்சிட்டது.

"இதுவே வேணும்," என்று கறுப்பைக் காட்டினாள் ஊசியக்கா. "ஜிப்பு என்னிக்காவது வாயைப் பொளந்துச்சுன்னா அவ்வளவுதான். லேஸ்னா நம்ம கை, நம்ம முடிச்சு."

அங்கேதான் தப்பு நடந்தது. வண்டியில் உட்கார்ந்து பார்த்தவள், கியரைத் தூக்கிப் பார்த்தவள், முறுக்கிப் பார்த்தவள், ஒன்றை மட்டும் செய்து பார்க்கவில்லை. காலைப் பொழுது அவ்வளவையும் வீட்டு வாசல்களில் கழிப்பவள், வாசலில் நின்று அதைக் கழற்றிப் பார்க்கவில்லை. எதையும் கேள்வி கேட்கிற நாத்தனார்கூட அதைக் கேட்கவில்லை.

மறுநாள் காலை முதல் வீட்டு வாசலில் அவளுக்கே உறைத்தது. செருப்பென்றால் படி ஏறும்போதே ஒரு உதறல், இறங்கும்போது ஒரு நுழைப்பு. இப்போதோ படியில் உட்கார வேண்டும், முடிச்சை அவிழ்க்க வேண்டும், கொக்கி கொக்கியாக லேஸைக் கழற்ற வேண்டும், குதிகாலைப் பிடித்து இழுக்க வேண்டும், இன்னொரு காலுக்கும் அதே பூஜை. உள்ளே ஊசி போட்டு ரத்தம் எடுப்பது கண் மூடித் திறக்கும் நேரம். வெளியே வந்து மறுபடி கட்ட ஆரம்பிக்க வேண்டும். நாலு வீடு முடிவதற்குள் இடுப்பு தனியாகக் கழன்றுவிடும்போல் இருந்தது.

வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கக் காத்திருப்பவர்களின் கோபம் சாதாரணக் கோபம் இல்லை. அவர்களில் முக்கியமானவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற டிரைவர் ஐயா. சர்க்கரைக்காரர். மருந்து மாற்றியிருந்ததால் அந்த வாரம் அவரைப்போல் சிலருக்குத் தினமும் சோதனை. ஊசியக்கா வந்து போனால்தான் அவருக்குக் காபி. குரல் இன்னும் ஹாரன் மாதிரிதான்.

"ஏம்மா, நீ அந்தப் பூட்ஸைக் கழட்டறதுக்குள்ள என் சர்க்கரை தானா இறங்கிடும்போல இருக்கே! அப்புறம் நீ எதை எடுத்துட்டுப் போவ?"

"இதோ ஆச்சுங்கய்யா, ஒரே ஒரு கொக்கி."

"இப்படித்தான் மூணு கொக்கியா சொல்லிட்டு இருக்கே." உள்ளே திரும்பி மனைவியிடம், "காபியை அடுப்புலேருந்து இறக்கிடு, வாசனை உயிரை வாங்குது," என்று கத்தினார்.

அடுத்த வீட்டில் ஊசியக்கா ஒரு யோசனை செய்தாள். பையிலிருந்த இரண்டு பிளாஸ்டிக் உறைகளை எடுத்து, பூட்ஸுக்கு மேலேயே மாட்டிக்கொண்டு உள்ளே காலை வைத்தாள். வீட்டுக்காரம்மா ஓடிவந்து வழியை மறித்தாள்.

"இது என்ன கூத்து? பையைச் சுத்திட்டா பூட்ஸு பூட்ஸ் இல்லாம போயிடுமா? தெருவை மிதிச்சது தெருவை மிதிச்சதுதான். வெளிய விடு!"

மறுபடி படி, மறுபடி முடிச்சு. கடைசியாக அவள் போனது படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு அம்மாவின் வீட்டுக்கு. நரம்பு நூல் மாதிரி. ஊசியக்கா கையைத் தவிர வேறு கைக்கு அது அகப்படாது. அங்கே போய்ச் சேர்ந்தபோதே வெயில் ஏறிவிட்டது. லேப்புக்கு வந்தபோது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கொண்டுவந்ததற்காக அதை இன்னொரு முறை ஓட்ட வேண்டியிருந்தது.

டாக்டரம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பூட்ஸைப் பார்த்தார்.

"ஷூ நல்லா இருக்கு," என்றார். "நாளைக்கும் இப்படித்தானா?"

அந்த ஒரு கேள்வி ராத்திரி முழுக்க ஊசியக்காவின் காதில் கிடந்து குடைந்தது. காலையில் அவள் ஒரு காரியம் செய்தாள். லேஸை மேலே வரை கட்டாமல், பாதியிலேயே தொளதொளவென்று விட்டு, நுனியில் பெரிய சுருக்குப் போட்டாள். காலை உருவினால் வந்துவிடும், நுழைத்தால் போய்விடும். பூட்ஸும் போட்ட மாதிரி, நேரமும் மிச்சமான மாதிரி. புருஷன் பார்ப்பதற்குள் வண்டியைக் கிளப்பிவிட்டாள்.

வேலை மளமளவென்று நடந்தது. வீட்டுக்கு வீடு உதறல், நுழைப்பு, உதறல், நுழைப்பு. "பரவாயில்லையே, இன்னிக்குப் பழகிட்டியே," என்று முதல் வீட்டு அம்மா பாராட்டினாள். ஊசியக்காவுக்கு உச்சி குளிர்ந்தது. டிரைவர் ஐயா வீட்டு வாசலில் வந்து வண்டியை நிறுத்தி, எப்போதும்போல் இடது காலைத் தரையில் ஊன்றப் போனாள்.

கால் வரவில்லை.

தொங்கிக்கொண்டிருந்த அந்தப் பெரிய சுருக்கு கியர் லீவரின் முனையில் போய் மாலை மாதிரி விழுந்திருந்தது. அவள் இழுக்க, சுருக்கு இறுக, வண்டி மெதுவாக இடது பக்கம் சாய ஆரம்பித்தது. ஓடுகிற வண்டி விழுந்தால் ஒரு நொடியில் முடிந்துவிடும். நிற்கிற வண்டி விழுவது அப்படி இல்லை. எல்லாவற்றையும் யோசிக்க நேரம் கொடுத்து, நிதானமாகத்தான் கீழே போடும். "ஐயோ பெட்டி!" என்று ஒரு கையால் பின்பக்கம் பிடித்தபடியே ஊசியக்கா கேட்டின் மேல் சரிந்தாள்.

கேட் தாங்கிக்கொண்டது. பக்கவாட்டுக் கண்ணாடி உடைந்தது. பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. வண்டிக்கு அடியிலிருந்து அவள் காலை இழுத்தபோது பூட்ஸ் மட்டும் உள்ளே தங்கிவிட்டது. காலுறையோடு வெறும் கால் வெளியே வந்தது. அதைப் பார்த்ததும்தான் அவளுக்கு விஷயம் புரிந்தது. கேட் இல்லாமல் தார்ச்சாலையாக இருந்து, வண்டி கொஞ்சம் ஓட்டத்தில் இருந்திருந்தால், இந்தப் பூட்ஸும் அந்தச் செருப்பு பறந்த மாதிரி பறந்திருக்கும். கால் மறுபடி அதே கால்தான்.

சத்தம் கேட்டு டிரைவர் ஐயா ஓடிவந்தார். பின்னாலேயே அவர் மனைவி. மூவருமாக வண்டியைத் தூக்கி நிறுத்தினார்கள்.

"அடி ஏதாச்சும்?"

"இல்லைங்கய்யா."

"நிஜமா இல்லையா?"

"நிஜமா இல்லைங்க. மானம் மட்டும்தான் போச்சு."

"அதை அப்புறமா தேடிக்கலாம். முதல்ல ரத்தத்தை எடு. எனக்குப் பசியில கண்ணைக் கட்டுது, இதுல வண்டி வேற தூக்க வச்சிட்ட." அவர் உள்ளே போகவே இல்லை. "ஏய், ஒரு நாற்காலி கொண்டா!" என்று குரல் கொடுத்தார். மனைவி கொண்டுவந்து நிலைப்படிக்கு உள்பக்கம் போட்டாள். தொப்பென்று உட்கார்ந்து சட்டைக் கையை மடித்துக் கையை நீட்டிவிட்டார். "எடும்மா இங்கேயே. நீ உள்ள வந்துதான் எடுக்கணும்னு யார் அழுதா?"

ஊசியக்கா ஒற்றைக்காலில் பூட்ஸும் மற்றதில் காலுறையுமாகப் படியில் மண்டியிட்டாள். வெளிச்சம் நன்றாக இருந்தது. நரம்பு உள்ளே தெரிவதைவிடத் துலக்கமாகத் தெரிந்தது. ஊசியை எடுத்துப் பஞ்சை வைத்து அழுத்திய பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, நாற்காலி வேணுமா?"

"வேணுங்கய்யா," என்றாள் ஊசியக்கா. "எல்லா வீட்டுலயும் வேணும்."

அவள் லேப்புக்குப் போவதற்கு முன்னால் கதை போய்விட்டது. காபி குடித்த தெம்பில் டிரைவர் ஐயா போன் போட்டு, கியரில் லேஸ் மாட்டியதிலிருந்து கேட் ஆடியது வரை ஒன்று விடாமல் சொல்லியிருந்தார்.

"விழுந்தியாமே?" என்றார் டாக்டரம்மா.

"விழலைங்கம்மா. நின்ன இடத்துல சாஞ்சேன்."

"அதுக்குத் தமிழ்ல என்ன பேரு?"

ஊசியக்கா நாற்காலி விஷயத்தைச் சொன்னாள். வாசலில் நாற்காலி போட்டுவிட்டால் கழற்ற வேண்டியதில்லை. கழற்ற வேண்டியதில்லை என்றால் இறுக்கிக் கட்டலாம். படுக்கையில் இருக்கும் அம்மாவுக்கு மட்டும் உள்ளே போக வேண்டும், அவர் ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரைக்கான சோதனைக்குத்தான் கொடுக்கிறார், பட்டினி கிடக்கத் தேவையில்லை, கடைசியில் போய் நிதானமாகக் கழற்றிக்கொள்ளலாம்.

டாக்டரம்மா முழுக்கக் கேட்டார். "பேச்சு நல்லாத்தான் இருக்கு. நாளைக்கு நானே பின்னால உக்காந்து வந்து பாக்கறேன். ஒழுங்கா நடந்தா வண்டி உன்னோடது. நடக்கலைன்னா அங்கேயே சாவியைக் கொடுத்துடணும். சரியா?"

"சரிங்கம்மா," என்று சொல்லிவிட்டாள்.

மத்தியானம் முழுக்க ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்தாள். பெரும்பாலானவர்கள் "நாற்காலிதானே, போட்டுட்டாப் போச்சு" என்றார்கள். பையைச் சுற்றின பூட்ஸை உள்ளே விடாத அந்தப் பை அம்மா மட்டும், "வாசல்ல வச்சு ரத்தம் எடுத்தா போறவங்க வர்றவங்க என்ன நினைப்பாங்க?" என்று இழுத்தாள். "நீங்க உள்ளதாங்க உக்காருவீங்க, நான்தான் வெளிய நிப்பேன்," என்று அவளைச் சமாதானப்படுத்துவதற்குள் ஊசியக்காவுக்குத் தொண்டை வறண்டது.

சாயங்காலம் புருஷன் வந்ததும் அவளே எல்லாவற்றையும் சொன்னாள். உடைந்த கண்ணாடியையும் காட்டினாள். அவர் பூட்ஸைக் கையில் எடுத்தார், லேஸின் தொளதொளப்பைப் பார்த்தார்.

"கழட்ட சௌகரியமா இருக்கட்டும்னு கொஞ்சம் லூசா..."

"லூசா விட்டா அது பூட்ஸ் இல்ல. கனமான செருப்பு."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் லேஸை முழுக்க உருவி, கீழேயிருந்து ஒவ்வொரு கண்ணாக இழுத்து இழுத்துக் கோத்தார். நுனியை வெளியே விடாமல் உள்பக்கம் செருகினார். தன் வேலைப் பையிலிருந்து அகலமான எலாஸ்டிக் பட்டை ஒன்றை எடுத்து முடிச்சின் மேல் சுற்றிப் பார்த்தார்.

"எங்க வேலையில தொங்கற நூல் ஒண்ணு இருந்தாக்கூட உள்ள விட மாட்டாங்க. இப்படிப் போட்டா எதுலயும் மாட்டாது."

"நாளைக்கு டாக்டரம்மா வேணாம்னு சொல்லிடுவாங்களோன்னு பயமா இருக்குங்க."

"சொன்னா எனக்கு நிம்மதிதான். உன்கிட்ட அதை எதுக்கு மறைக்கணும்?" அவர் பூட்ஸை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். "ஆனா ஒழுங்கா கட்டிட்டுப் போய், அதுக்கப்புறமும் வேணாம்னு சொன்னா சொல்லட்டும். அரைகுறையா கட்டிப் போய்த் தோத்துட்டு வராதே."

காலையில் டாக்டரம்மா லேப் வாசலில் தயாராக நின்றார். யாருடையதோ ஹெல்மெட் தலையில். காலில், மெல்லிய வார் ஒன்று குறுக்கே ஓடும் மெல்லிய செருப்பு. சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பின் சீட்டில் ஏறப் போனார்.

ஊசியக்கா வண்டியைக் கிளப்பாமல் அந்தச் செருப்பையே பார்த்தாள். சொல்லவும் முடியவில்லை, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. அந்த ஜல்லி வளைவு வழியாகத்தான் போக வேண்டும்.

"அம்மா, கோவிச்சுக்காதீங்க. இந்தச் செருப்போட உங்களை ஏத்த மாட்டேன்."

டாக்டரம்மா ஒரு காலைத் தூக்கினபடியே நின்றார். "என்ன சொன்ன?"

"பின்னால உக்காந்தா மட்டும் கால் இரும்பாயிடுமாங்கம்மா? விழுந்தா ரெண்டு பேரும்தான் விழுவோம்."

"இன்னிக்கு முடிவு சொல்லப்போறது யாருன்னு ஞாபகம் இருக்கா?"

"அது ஞாபகம் இருக்கறதாலதாங்க இவ்வளவு பயந்து பயந்து சொல்றேன்."

வாசலில் கூட்டிக்கொண்டிருந்த அம்மாள் துடைப்பத்தோடு அப்படியே நின்றுவிட்டாள். டாக்டரம்மா தன் காலைப் பார்த்தார், ஊசியக்காவின் காலைப் பார்த்தார். பிறகு ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் இடுக்கிக்கொண்டு, "சரி, போ. நான் கார்ல வரேன்," என்றார். குரலில் கோபமா இல்லையா என்று ஊசியக்காவால் பிடிக்க முடியவில்லை.

முதல் வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலி. இரண்டாவதில் முக்காலி. மூன்றாவதில் பிள்ளை படிக்கிற குட்டி நாற்காலியைப் போட்டு, அதில் ஆஜானுபாகுவான ஒரு மனுஷர் முழங்கால் மோவாயைத் தொட உட்கார்ந்திருந்தார். ஊசியக்கா படியில் நின்றாள், எடுத்தாள், பஞ்சை வைத்தாள், கிளம்பினாள். டிரைவர் ஐயா காபியைப் பக்கத்திலேயே மூடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஊசி வெளியே வந்ததும் டம்ளர் மேலே போயிற்று. பை அம்மா வீட்டில் கதவு முக்கால்வாசி சாத்தியிருந்தது. இடுக்கு வழியாக ஒரு கை மட்டும் வெளியே நீண்டது.

"அம்மா, முகத்தையும் கொஞ்சம் காட்டுங்க."

"கைதானே உனக்கு வேணும்?"

"மயக்கம் வந்தா கை சொல்லாதுங்களே."

முணுமுணுத்துக்கொண்டே ஒரு முகமும் வெளியே வந்தது.

டாக்டரம்மாவின் கார் கொஞ்ச தூரம் பின்னால் வந்தது. குறுகலான சந்துகளில் அது தயங்கித் தயங்கி நிற்க, ஊசியக்கா போய்க்கொண்டே இருந்தாள். பிறகு அவள் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

கடைசி வீட்டின் படியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனாள். படுக்கையிலிருந்த அம்மா அவளைப் பார்த்ததும் கையைப் போர்வைக்கு வெளியே எடுத்தார். "இன்னிக்கு உனக்கு அவசரமே இல்லைபோல இருக்கே," என்றார்.

"உங்ககிட்ட வர்றதுக்குத்தான் மத்த இடத்துல எல்லாம் அவசரப்பட்டேன்."

நூல் நரம்பைத் தடவித் தடவிக் கண்டுபிடித்து, வலி தெரியாமல் எடுத்து, பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு இரண்டு வார்த்தை பேசிக்கொண்டிருந்தபோது வாசலில் நிழல் தட்டியது. சந்துமுனையில் காரை விட்டுவிட்டு டாக்டரம்மா மூச்சு வாங்க நடந்து வந்திருந்தார். பூட்ஸ் நிற்பதைப் பார்த்தார், கட்டிலருகே வெறுங்காலோடு மண்டியிட்டிருந்த ஊசியக்காவைப் பார்த்தார். கைக்கடிகாரத்தையும் பார்த்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

ஊசியக்கா வெளியே வந்து, குழாயைப் பெட்டியில் வைத்து மூடினாள். பிறகு, முடிவை அவரே சொல்லட்டும் என்று வண்டிச் சாவியை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

"அதை எதுக்கு என்கிட்ட நீட்டற?" என்றார் டாக்டரம்மா. "லேப்புக்கு நடந்து வரப்போறியா?"

ஊசியக்காவுக்குச் சட்டென்று புரியவில்லை.

"பெட்டியைக் கொடு, நான் கார்ல எடுத்துட்டுப் போறேன். மெஷினுக்கு நேரம் இருக்கு. கவுன்ட்டருக்கு வேற ஆளைத்தான் பாக்கணும்." பெட்டியை வாங்கிக்கொண்டு இரண்டடி நடந்தவர் திரும்பினார். "நீ நிதானமா கட்டிட்டு வா."

ஊசியக்கா படியில் உட்கார்ந்தாள். லேஸைக் கீழேயிருந்து ஒவ்வொரு கண்ணாக இழுத்துக்கொண்டு வந்தாள். ஒரு காலை முடித்து மற்ற காலை எடுத்தபோது போன் அடித்தது. புருஷன்.

"என்ன சொன்னாங்க?"

"பூட்ஸ் கட்டிட்டு இருக்கேங்க. அப்புறமா பேசறேன்."

அந்தப் பக்கம் தூரத்தில் எங்கோ ஒரு லிஃப்ட் கதவு திறந்து மூடுவது மட்டும் கேட்டது.

"சரி," என்றார் அவர். "இறுக்கிக் கட்டு."